விளக்கு பிடித்தவள் காலில் மஞ்சள் கயிறு

அத்தியாயம் 11

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, பல்லில் பிரஷ்ஷோடு கூடத்துக்கு வந்த உலகம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நேற்று சாயங்காலம்தான் மாட்டியது. அப்பா திருஞானசம்பந்தமே ஸ்டூல் போட்டு ஏறி, ஆணி அடித்து, "இடப்பக்கம் தாழ்ந்திருக்கா, பாரு" என்று நான்கு முறை கேட்டு மாட்டினார். இப்போது கண்ணாடி சுவர்ப் பக்கம் இருந்தது, பின்னட்டை வெளியே தெரிந்தது. காற்றில் திரும்புகிற கனமா அது? யாரோ கழற்றி, திருப்பி, அதே ஆணியில் ஒழுங்காக மாட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் மூன்றே பேர். அப்பா, அவள், அண்ணன் மனைவி பிருந்தா மதினி. அண்ணன் குமரகுருபரன் மின்வாரிய வேலையாக வியாழக்கிழமை நாகர்கோவில் போனவன், இன்று சாயங்காலம்தான் திரும்புகிறான். அப்பா தான் செய்த காரியத்தைத் தானே மாற்றுகிற ஆள் இல்லை. தாசில்தாராக இருந்தபோதே அந்தப் பழக்கம் கிடையாது.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் முதல் தடவையாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி டவுன், தெற்கு ரத வீதியிலிருந்து ஒடுங்கி உள்ளே போகிற தெரு. உலகம்மாளுக்கு இருபத்தெட்டு வயது. பாபநாசத்து அம்மன் பெயர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தபோது அழுதாள், இப்போது யாராவது 'உலகு' என்று சுருக்கினால்தான் கோபம் வருகிறது, வீட்டார் தவிர. ஜங்ஷன் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண் பரிசோதிக்கிற வேலை.

போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவன் சிவசைலநாதன். அம்பாசமுத்திரத்தில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ் வைத்திருக்கிறான். சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. மதினியின் ஊர், மதினி பிறந்த அதே தெரு. 'நம்ம பிருந்தா ஊர்ப் பையன்' என்பதிலேயே இந்த வீட்டுக்குப் பாதிச் சம்மதம் வந்துவிட்டது. மீதியை உலகுவே கொடுத்தாள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிறவரை அவன் காத்திருந்தான். அது அவளுக்குப் பிடித்தது. வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

நேற்று அம்மாவுடன் நெல்லையப்பர் கோயிலுக்கு வந்தவன், கையோடு இந்தப் படத்தையும் கொண்டுவந்து கொடுத்தான். அவனே வரைந்தது. தண்ணீரில் கரைத்துத் தீட்டுகிற வண்ணம். நல்ல நீலம், சாம்பல், ஒரு மூலையில் மட்டும் மஞ்சள். கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிறான் ஒருவன். முதுகில் இரண்டு வெள்ளைச் சிறகுகள். பக்கத்தில் ஒரு பெண், கையில் மண் விளக்கோடு அவனைக் குனிந்து பார்க்கிறாள். சுடர் இருக்கிற இடத்தில் வண்ணமே இல்லை, தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தான்.

"கிரேக்கத்துக் கதை. இவன் ஈரோஸ், நம்ம மன்மதன் மாதிரி. இவ சைக்கின்னு ஒரு இளவரசி. கட்டிக்கிட்டவன் இருட்டுல மட்டுந்தான் வருவான். என் முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பான். இவ சந்தேகப்பட்டு விளக்கை எடுத்துப் பாத்துருதா. ஒரு சொட்டு எண்ணெய் அவன் தோள்ல விழுந்துருது. முழிச்சுப் பறந்து போயிருதான்" என்று விளக்கினான்.

விளக்கு பிடித்த அந்தப் பெண்ணுக்கு உலகுவின் முகம். அவள் வெட்கப்பட்டாள். இரவெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். கொத்தமல்லிக் கட்டு முதல் மந்திரிசபை வரை எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருக்கிற மதினி மட்டும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று அது உலகுவுக்கு உறைக்கவில்லை.

இன்று காலை உறைத்தது.

படத்தை எடுத்துத் திருப்பினாள். அவளுடைய முகம் அவளைப் பார்த்தது. ஆஸ்பத்திரிப் பையில் எப்போதும் ஒரு பேனா டார்ச் கிடக்கும். அதை எடுத்து, கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வைத்து அடித்தாள். கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

தாள் முழுக்க ஒரே சீரான சொரசொரப்பு. முகம் இருந்த இடத்தில் மட்டும், ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிய வட்டத்தில், தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருந்தது.

"காலங்காத்தால என்ன, படத்துக்கு வைத்தியம் பாக்கியா?"

மதினி அடுக்களை வாசலில் நின்றாள். கையில் காப்பி டம்ளர்.

"படத்தை யாரு மதினி திருப்பி வச்சது?"

"நாந்தான்."

இப்படி உடனே ஒத்துக்கொள்வாள் என்று உலகு நினைக்கவில்லை.

"ஏன்?"

"சாமி ரூமுக்கு நேரா சட்டையில்லாம ஒருத்தன் குப்புறக் கெடக்கான். நல்லாவா இருக்கு? ஒன் ரூம்ல கொண்டு வையி. இல்லைன்னா பரண்ல போடு. கல்யாணத்துக்கு அப்புறம் ஒங்க வீட்டுல மாட்டிக்கோ."

"நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

"வந்தவங்க முன்னாடி எப்படிச் சொல்ல? காப்பி ஆறுது பாரு."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பேசிய நேரமெல்லாம் மதினி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் பக்கம் அவள் கண் ஒரு தடவைகூடப் போகவில்லை. பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தவர்கள்தான் அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருப்பார்கள்.

"கண்ணாடி லேசா ஆடுது. பேட்டையில குடுத்துச் சரி பண்ணிட்டு வாரேன்" என்றாள் உலகு.

"நல்லா இருக்கதை என்னத்துக்குட்டி பிரிக்க?"

அந்த அவசரம் காப்பி கொடுக்கும்போது இல்லாத அவசரம். உலகு படத்தைப் பழைய போர்வையில் சுற்றினாள்.

*

பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், வெல்டிங் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவில் சேக் முகம்மதுவின் கண்ணாடிக் கடை. சாமி படம், கல்யாணப் போட்டோ, தலைவர் படம், எல்லாமே அவர் கையால்தான் சட்டத்துக்குள் போகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரின் காலடியில் படத்தை நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

"வாம்மா. ஒங்க அண்ணன் கல்யாணப் போட்டோ நல்லா இருக்குல்லா? நம்ம போட்ட சட்டம்."

"அது அப்படியே இருக்கு பாய். இது மாப்பிள்ளை வரைஞ்சு குடுத்தது, கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும்."

அவர் படத்தை மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"வரைஞ்சவரு கை நல்ல கை. இந்த மொகம் மட்டும் பின்னால போட்டது."

"எப்படிச் சொல்லுதிய?"

"எண்ணெய்ச் சாயம்னு வையி, பிடிக்கலைன்னா மேல பூசி மூடிரலாம். தண்ணிச் சாயத்துல அந்தச் சோலி நடக்காது. அடியில இருக்கது தெரியும். தண்ணி வச்சுத் தேச்சுத்தான் எடுக்கணும். தேச்சா தாள் உரிஞ்சு போகும். இந்தா பாரு, உரிஞ்சிருக்கு. அதுக்கு மேலதான் இந்த மொகம்."

"சரியா வரலைன்னு அழிச்சிட்டு மறுபடி போட்டிருக்கலாம்லா?"

"போடலாம். அப்படியும் செய்யுதவங்க உண்டு." அவர் நல்ல மனிதர். அவள் எதைக் கேட்க விரும்பினாளோ அதையே சொன்னார். பிறகு சட்டத்தைக் கவிழ்த்து, பின்னாலிருந்த சின்ன ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின்னட்டை வந்தது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு பக்கமும் வைத்திருந்த வெள்ளை அட்டையையும் தூக்கினார்.

"அடடே, கீழ நாலு விரக்கடை மறைச்சுல்லா போட்டிருக்கு! பெரிய படத்தைச் சின்னச் சட்டத்துல அடைச்சிருக்காங்க. நம்மகிட்ட வந்திருந்தா இப்படிச் செய்வேனா?"

அட்டைக்கு அடியில் மறைந்திருந்தவை அந்தப் பெண்ணின் பாதங்கள்.

கிரேக்கத்து இளவரசி வெறுங்காலோடு நின்றாள். வலது கால் இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி. சுற்று மெட்டி, மேலே சின்ன மொட்டு வைத்தது. திருநெல்வேலிச் சீமைக்காரன் கையில் கிரேக்கத்துப் பெண் அகப்பட்டால் அவளுக்கும் மெட்டிதான் போல.

"பொண்ணுக்கு இப்பவே மெட்டி மாட்டிட்டாரு மாப்பிள்ளை" என்று சேக் முகம்மது சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இது என்னது, இந்தக் கால்ல கயிறு?"

இடது கால் இரண்டாம் விரலில் மெட்டி இல்லை. அந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் கயிறு, இரண்டு சுற்று, ஓரமாக ஒரு சின்ன முடிச்சு.

உலகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கயிறு அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனித் தேரோட்டத்துக் கூட்டத்தில் யாரோ செருப்புக் காலால் மதினியின் இடது காலை மிதித்துவிட்டார்கள். விரல் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. ஆசாரியிடம் கூட்டிப்போய் வெட்டி எடுத்ததே உலகுதான். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பார்க்க வந்த மதினியின் அம்மா, புருஷன் இருக்கிறவள் விரல் மொட்டையாக இருக்கக் கூடாதென்று, மஞ்சளில் நனைத்த கயிற்றைக் கட்டிவிட்டாள். புண் ஆறிப் புது மெட்டி போடுகிறவரைக்கும் இருக்கட்டும் என்றாள்.

அதே வாரம்தான் அண்ணனுக்கும் மதினிக்கும் சண்டை. என்ன சண்டை என்று அப்பாவும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. மதினி அந்தக் கயிற்றோடு பிறந்த வீட்டுக்குப் போனாள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், யாரும் கூப்பிடப் போகாமலே, புது மெட்டியோடு திரும்பி வந்தாள். வீடு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான் உலகுவுக்குத் தெரிந்த கதை.

வலது காலில் மெட்டி, இடது காலில் கயிறு. அந்த மூன்று மாதத்தைத் தவிர வேறு எந்தக் காலத்திலும் இந்தக் காலை யாரும் வரைந்திருக்க முடியாது.

"திருப்பிச் சட்டம் போட்டுரவா தாயி?"

"வேண்டாம் பாய். தாளை மட்டும் அட்டையில வச்சுக் குடுங்க."

*

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் இரண்டு பேருக்குக் கண் பார்த்தாள். மூன்றாவது ஆளுக்குத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினாள். நாலு மணிக்குப் படிக்கட்டில் நின்று சிவசைலநாதனுக்கு ஃபோன் போட்டாள். நேரடியாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"படம் மாட்டியாச்சா?"

"நேத்தே மாட்டியாச்சு."

"எங்கன? கூடத்துலயா?"

"ஆமா."

"நல்லது. எல்லாரும் பாத்தாங்களா? மதினி என்ன சொன்னாங்க?"

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. உனக்குப் பிடித்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை. நேற்று காலையாக இருந்திருந்தால் இதையெல்லாம் அவள் கவனித்திருக்கமாட்டாள். சந்தேகம் ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் மனுஷருக்குக் காது எப்படிக் கூர்மையாகிவிடுகிறது!

"மதினி ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேயா?"

அந்தக் குரலில் ஏமாற்றம் இருந்தது. அவள் அதைக் கேட்டாள். கேட்டது நிஜம்தானா என்று தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். நிஜம்தான்.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு காலை எதுக்கு மறைச்சிய?"

மறுமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று கடந்து போகிற சத்தம்.

"சட்டத்தைப் பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"யாரு பிரிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நான் கேட்டதுக்கு..."

தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. வெளிச்சம் பட்டதும் கதையில் வருகிறவனும் இப்படித்தான் பறந்து போனான். அவனுக்குச் சிறகு தேவைப்பட்டது.

படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். தனக்கு இருபத்தெட்டு வயதாகிறது, மனசு விட்டுப் பிடித்த முதல் ஆள் இவன், இன்னும் நாலு நாளில் நிச்சயம். இந்தத் தாளை மடித்துத் தாமிரபரணியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? அப்படி ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனது.

*

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அப்பா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஹோஸ் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மதினி சாமி ரூமில் விளக்கேற்றி முடித்து, தீப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

உலகு சாப்பாட்டு மேசையில் அட்டையை வைத்து, மேலே மூடியிருந்த காகிதத்தை எடுத்துப் படத்தைக் காட்டினாள். பாதங்களுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

மதினி வந்து பார்த்தாள். காலையிலிருந்து பார்க்காமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்த மாதிரி, வெகு நேரம் பார்த்தாள்.

"தொறந்துட்டியா?"

"ஆமா மதினி."

"மொகம் போச்சு, இனி யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். காலு ஞாபகத்துலயே இல்லை." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அந்த மூணு மாசம் அவன் பக்கத்து வீட்டுல இருந்தான். சின்ன வயசுலேருந்து பழக்கம். படம் வரையணும், உக்காருன்னான். உக்காந்தேன். அம்மா அடுக்களையில இருந்தா, கதவு தொறந்துதான் கெடந்துச்சு. வேற ஒண்ணும் இல்லை உலகு."

"வேற ஒண்ணும் இல்லைன்னா காலைல எதுக்குத் திருப்பி வச்சிய?"

மதினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"அவிய என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நீங்கதானே பலகாரத் தட்டைக் கொண்டாந்து வச்சிய. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"அவன் அம்மா ஜாதகம் கொண்டாந்தப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. வேண்டாம்னு சொன்னா ஒங்க அண்ணன் ஏன்னு கேப்பாரு. என்னன்னு சொல்ல? நல்ல பையன்தான், திருந்திட்டான், ஒன்னைப் பிடிச்சுத்தான் கேக்கான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

"திருந்திட்டானா? என்னத்துல இருந்து?"

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். வார்த்தை வெளியே வந்தாகிவிட்டது.

உலகுவுக்குக் கண் நிறைந்தது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒங்க கழுத்துல மூணாவது முடிச்சு நான் போட்டது மதினி. நாத்தனார் முடிச்சு. ஒங்களுக்கு அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுனாலதான் திரும்பி வந்தேன்னு வச்சுக்கோயேன்." மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "படத்தை எனக்கே குடுத்தான். பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். ஒரு நாளு தொறந்து பாத்தா, என் மொகம் மட்டும் இல்லை. சாரல் மழை, ஓடு ஒழுகுன நேரம். தண்ணி சொட்டி அழிஞ்சிருக்குன்னு நினைச்சேன். தாள் பூரா விட்டுட்டு மொகத்துல மட்டும் சொட்டுமா? காந்திமதி அம்மையே வந்து தொடைச்சிட்டான்னு தோணுச்சு. அன்னிக்கே படத்தை அவன்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு பஸ் ஏறுனேன். அந்த எடத்துல ஒன் மொகத்தை வச்சு இந்த வீட்டுக்கே கொண்டாருவான்னு நான் கண்டேனா?"

நம்புவதா வேண்டாமா? மதினி ஒரு முடிச்சை அவிழ்க்கிற மாதிரி அவிழ்த்து இன்னொன்றை இறுக்குகிறாளோ என்றிருந்தது உலகுவுக்கு. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் படம் தனக்கு வந்த படம் இல்லை. தன் முகத்தை ஒட்டுத் தலையாகப் போட்டுக்கொண்டு வேறு யாருக்கோ வந்த படம்.

மேசையில் செம்பில் தண்ணீர் இருந்தது. கைக்குட்டையின் முனையை நனைத்தாள்.

"என்னட்டி செய்யப் போற?"

"என் மொகம் எனக்கு வேணும் மதினி."

பையத்தான் தேய்த்தாள். நெற்றி முதலில் கரைந்தது. பிறகு கண்கள், அவள் நேற்றிரவு நினைத்து நினைத்துச் சிரித்த அந்தக் கண்கள், நீலமாக வழிந்து கன்னத்தோடு கலந்தன. கைக்குட்டையை மாற்றி மடித்து மறுபடி ஒற்றினாள். கடைசியில் விளக்குக்கு மேலே வெளுத்த வட்டம் ஒன்று மட்டும் மிஞ்சியது.

வாசலில் கேட் சத்தம். "வந்துட்டியா லே? காலைக் கழுவிட்டுப் போ, ஒரே சகதி" என்ற அப்பாவின் குரல். தோளில் பையோடு குமரகுருபரன் உள்ளே வந்தான். "நல்ல பசி. பிருந்தா, என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மேசைக்கு வந்தவன் படத்தைப் பார்த்தான்.

பையைக் கீழே வைத்தான்.

"மறுபடியும் அழிச்சாச்சா?"

கேள்வியாகக்கூட அவன் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. மதினி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மறுபடியும்னா?"

குமரகுருபரன் சட்டைக் காலரின் பொத்தானை அவிழ்த்தான். "அன்னிக்கு ஒன்னைக் கூப்பிட வந்தேன் பிருந்தா. நீ ஆத்துக்குக் குளிக்கப் போயிருந்த, ஒங்க அம்மை கடைக்குப் போயிருந்தாவ. பெட்டி தொறந்து கெடந்துச்சு. பாத்தேன். கர்ச்சீப்பை நனைச்சு மொகத்தை மட்டும் தேச்சேன். அப்புறம் யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறி வந்துட்டேன்."

"நீங்களா?"

"நாலாம் நாள் நீயே வந்துட்ட. நானும் ஒண்ணும் கேக்கலை."

மதினி சாமி ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அம்மன் செய்தது என்று அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் நெய் விளக்குப் போட்டு வந்தது, புருஷனின் கைக்குட்டைக்கு.

"அப்ப கேக்கலை. இப்ப கேக்கேன்" என்றான் குமரகுருபரன். குரல் உயரவில்லை. "இது எப்படி இந்த வீட்டுக்கு வந்துச்சு? யாரு வரைஞ்சது?"

உலகு ஈரக் கைக்குட்டையைப் பிடித்தபடி நின்றாள்.

பதில் வாசலிலிருந்து வந்தது. அப்பா ஹோஸை அப்படியே போட்டுவிட்டுச் சந்தோஷமாகச் சத்தம் போட்டார்.

"ஏலே குமரா! யாரு வந்திருக்கா பாரு! ஃபோன்கூடப் பண்ணாம மாப்பிள்ளை அம்பாசமுத்திரத்துலேருந்து வண்டியிலயே வந்துட்டாரு! உள்ள வாங்க, உள்ள வாங்க. ஏ பிருந்தா, காப்பி போடு!"

குமரகுருபரன் பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி தரையைப் பார்த்தாள். அவனுக்கு இனி யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கை முஷ்டியாக மடங்கியது.

உலகு அட்டையோடு படத்தை எடுத்தாள். ஈரம் இன்னும் காயவில்லை.

"நீ போகாத அண்ணே. படத்தைத்தான் வாங்க வந்திருப்பாவ. நான் குடுத்துட்டு வாரேன்."

"ஏட்டி, நில்லு..."

"நீ மதினிகிட்டப் பேசு. ரெண்டு வருசமாப் பேசலைலா."

கூடத்தைத் தாண்டும்போது அவளுக்குப் பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தமும், "உக்காரு" என்று அண்ணன் சொல்வதும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் சிவசைலநாதன் நின்றான். வேகமாக வந்ததில் தலை கலைந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்தான். பக்கத்தில் அப்பா, முகமெல்லாம் சிரிப்பு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

உலகு படிக்கு மேல் நின்றாள். மனசுக்குள் இன்னும் ஒரு மூலையில், வெட்கமில்லாத ஒரு மூலையில், அவன் தன்னைப் பார்ப்பான் என்று காத்திருந்தாள். 'நீ நினைக்கிற மாதிரி இல்லை' என்று கண்ணாலாவது சொல்லுவான் என்று.

அவனுடைய கண் ஒரு நொடி அவள் முகத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. அவள் தோளைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாக, கூடத்துக்குள் போய்த் தேடியது.

யாருடைய கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் உலகம்மாளுக்குச் சம்பளம் தருகிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பது ஜோடிக் கண் பார்க்கிறாள். இதைத் தப்பாகப் பார்க்க அவளால் முடியவில்லை.

இரண்டு படி இறங்கி, முகமில்லாத படத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"அப்பா, காப்பி வேண்டாம்" என்றாள். "இவிய கிளம்புதாவ."